லிஃப்டில் இருந்தது ரெண்டே பேர்

பாட்டைத் தள்ளி விட மாட்டா. எத்தனை வாரம் பார்த்தாச்சு, இன்னைக்குக் கடைசிப் பகுதி, இருந்தாலும் மிருதுளாவுக்குத் தலைப்புப் பாட்டு முழுசா ஓடியாகணும். கறுப்பு வானத்துல அந்தக் கப்பல் பெரிய வெண்டைக்காய் கணக்கா சுத்திச் சுத்திப் போகணும், ‘நெடுங்கலம்’னு எழுத்து வந்து நிக்கணும், அப்புறம்தான் கதை. ஓடட்டும், எனக்கும் மூச்சு வாங்கக் கொஞ்சம் நேரம் வேணும். முப்பத்தெட்டு வயசு, ஆபீஸ்ல நாள் பூரா போன்ல ஊர்க்காரங்க ஏச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கறவ, டிவியில வர்ற ஒரு ஜந்து எவன் உடம்புக்குள்ள இருக்குன்னு தெரியறதுக்கு இப்படியா கை வேர்க்கும். வேர்க்குது, என்ன பண்ண. நைட்டியிலயே துடைச்சுக்கறேன். அடுப்புல கறிக்குழம்பு சிம்ல கொதிக்குது, அதுக்காகத்தான் சமையக்கட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன்னு சொல்லிக்கலாம். ஆனா கறி இல்லாத ஞாயித்துக்கிழமையிலயும் இங்கதான் உக்கார்றேன், பாதி உடம்பு ஹால்ல, பாதி உடம்பு சமையக்கட்டுல. திவான்ல மிருதுளா, நெஞ்சு மேல போன். பிளாஸ்டிக் சேர்ல இவர், கையில பேப்பர். இவருக்கு இன்னமும் கதை தெரியாது. போன வாரம்கூட, இந்தக் கப்பல் கடல்ல போகுதா வானத்துல போகுதான்னு கேட்டார் மனுஷன்.

கதை என்ன பெரிய கதை. தூரத்துக் கோள் ஒண்ணுக்குப் போன கப்பல் பூமிக்குத் திரும்பி வருது. வர்ற வழியில ஒரு ஜந்து ஏறிக்குது, பிடரி வழியா ஒருத்தர் உடம்புக்குள்ள பூந்துக்குது. ரத்தமெல்லாம் குடிக்காது, ஞாபகத்தைத்தான் தின்னும், சின்னச் சின்ன ஞாபகத்துலேர்ந்து ஆரம்பிச்சு. தொடர்ல அதுக்கு ஒட்டுயிர்னு பேரு. தொடர் பார்க்கறவங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப் இருக்கு, நானும் மிருதுளாவும்கூட அதுல, அங்க எல்லாரும் குடித்தனம்னுதான் சொல்வோம். யார்கிட்ட குடித்தனம், எப்ப பால் காய்ச்சுச்சு, அட்வான்ஸ் குடுத்துச்சான்னு ஒரே கூத்து. டாக்டர் நப்பின்னைதான்னு மொத்த குரூப்பும் சொல்லுது. அவ தூங்கறதில்ல, காபியைத் தொடறதில்ல, அடிக்கடி பிடரியைச் சொறியறா. மிருதுளாவும் அதான் சொல்றா, படம் படமா எடுத்து அம்புக்குறி போட்டு. நான் ஒருத்திதான் கேப்டன் இளவழுதிங்கறேன். (வானத்துக்குப் போறவனுக்கு மட்டும் சங்க காலத்துப் பேரா பார்த்து வெச்சிடறாங்க, சேகர் முருகன்னு ஒருத்தனும் ராக்கெட் ஏற மாட்டானா.) எதை வெச்சு இளவழுதி? ஒரே ஒரு வார்த்தையை வெச்சு. மூணாவது பகுதியில ஒரு லிஃப்ட். உள்ள கேப்டனும் டாக்டரும், வேற ஈ காக்கா இல்ல. ரெண்டு பேரும் அதே கப்பல், ரெண்டு பேரும் அதே பூமிக்குத்தான் போயாகணும். அவ தோள் மேல கை வெச்சு அவன் சொல்றான்: “நாங்க வீட்டுக்குப் போயிடுவோம், நப்பின்னை.” நாங்க. நாம இல்ல, நாங்க. சோத்தைப் பிசைஞ்ச கை அப்படியே நின்னுடுச்சு எனக்கு. எதிர்ல நிக்கறவளைச் சேர்க்காம நாங்கன்னா, அந்த லிஃப்ட்ல இன்னொருத்தன் எங்கடா இருக்கான்? உள்ள இருக்கான். அவன் உள்ள இருக்கான்.

அன்னைக்கே குரூப்ல எழுதினேன். சிரிச்சாங்க பாருங்க, மூஞ்சி மூஞ்சியா சிரிப்புப் பொம்மை. குரூப்பை நடத்தறவன் விண்மீன் பாண்டின்னு பேர் வெச்சிருக்கான், அவன் சொன்னான், அக்கா, வசனம் எழுதினவனுக்குத் தமிழ் வராது அவ்வளவுதான், இந்தக் காலத்துல எவனுக்கு நாம் நாங்கள் வித்தியாசம் தெரியுது. தெரியாதுதான், மேடையில ஏறினா தெரியாது, நோட்டீஸ்ல தெரியாது. ஆனா வாய்க்குத் தெரியும்டா தம்பின்னு எழுதினேன். மூணு வயசுக் குழந்தைகூட நாம கடைக்குப் போலாமான்னுதான் கேக்கும், அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நாங்க கடைக்குப் போலாமான்னு எந்தக் குழந்தையாவது கேட்டிருக்கா? அதுக்கும் சிரிப்புப் பொம்மை. எனக்கு இது காதுலயே ஊறிப் போனது. இன்டர்நெட் கனெக்‌ஷன் குடுக்கற கம்பெனியில போன் எடுக்கற வேலை, சேர்ந்த முதல் வாரத்துலயே பாடம் இதான், வாடிக்கையாளர்கிட்ட நாங்கள்தான், நாம் வரவே கூடாது. புதுசா வந்த ஒரு பொண்ணு பாசமா, நாம நாளைக்குச் சரி பண்ணிடலாம் சார்னு சொல்லிட்டா. அந்தாளு, நாமளா, அப்ப நானும் கம்பத்துல ஏறணுமான்னு பிடிச்சுக்கிட்டான். இன்னைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனா காது தீட்டினது ஆபீஸ் இல்ல. இந்த வீடு.

நாங்க ஞாயித்துக்கிழமை இட்லி சாப்பிட மாட்டோங்க. நான் கல்யாணம் பண்ணிட்டு வந்த முதல் வாரம் மிருதுளா எங்கிட்ட பேசின முதல் வாக்கியம் அது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல, அவ அம்மா நல்லா வளர்த்திருக்காங்க, புண்ணியவதி, அவ நாலாவது படிக்கறப்பவே போயிட்டாங்க. நாங்க ஹால் லைட்டை அணைக்க மாட்டோங்க. நாங்க ஊட்டிக்குப் போனப்ப. எங்க அப்பாவுக்கு ரசத்துல பூண்டு ஆகாது. எங்க அப்பா! நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா. அப்பான்னு சொன்னா போதாதா, அந்த எங்கவை எதுக்கு முன்னாடி கொண்டு வந்து நிறுத்தற, ரயில்வே கேட் போட்ட மாதிரி. என்னைக் கூப்பிட அவளுக்கு ஒரு வார்த்தை கிடையாது. சித்தின்னு கூப்பிடுன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, நானே வேணாம்னுட்டேன், சித்தின்னா டிவியில விஷம் வெக்கறவதான். அதனால அவ எங்கிட்ட எப்பவும் நடுவுலேர்ந்துதான் பேச ஆரம்பிப்பா, பேரில்லாத ஆளுகிட்ட பேசற மாதிரி. உப்பு ஜாடியை அடுப்புக்குப் பக்கத்துல கொண்டு வந்து வெச்சேன், கைக்கு எட்டட்டும்னு. ஸ்கூல் விட்டு வந்தா, பார்த்தா, ஒண்ணும் சொல்லாம தூக்கிப் பழைய அலமாரியில வெச்சா. மறுநாள் நான், அதுக்கு மறுநாள் அவ. எனக்கு எரிச்சலான எரிச்சல், பதினாறு வயசுக் கழுதைக்கு ஜாடி மேல என்ன உரிமை. அப்புறம் தொடர்ல அந்த ஜந்து ஞாபகத்தைத் தின்னுதுன்னு வந்துச்சு, முதல்ல தின்னது, யாரோடதுன்னு காட்டல, அம்மா எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பாங்கங்கற ஞாபகம். திரும்பிப் பார்த்தேன், மிருதுளா கண்ணைச் சிமிட்டாம பார்த்துக்கிட்டிருந்தா. அடிப்பாவி, ஜாடி இதுதானா, அவ அம்மா வெச்ச இடமான்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. அன்னைக்கே அலமாரிக்கு மாத்திட்டேன். அவ கவனிச்சாளா இல்லையா தெரியாது, இந்த வீட்டுல எதையும் வாய் விட்டுச் சொன்னா வரி கட்டணும்.

கவனிச்சிருக்க மாட்டா. அதுக்கப்புறம்தானே அந்தப் பேச்சு. துணி உலர்த்த மொட்டை மாடிக்கு ஏறறேன், தண்ணித் தொட்டி மறைவுல போன்ல பேசிட்டிருக்கா, சிரிச்சுக்கிட்டே. எங்க வீட்டுக்கே ஒரு குடித்தனம் வந்திருக்குடி, அதுக்கு தியரி வேற. நான் அழல. கோவம் வந்துச்சு. அவ மேல கூட இல்ல, அந்த வார்த்தை அவ்வளவு கச்சிதமா உக்காந்துச்சேன்னு கோவம். பூந்துக்கிட்டது, ஜாடியை நகர்த்தறது, அவங்க அப்பாவோட பேசறது, அவங்க ஞாபகத்து மேல நடக்கறது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்ப அவளே ஆரம்பிச்சா. நப்பின்னைதான்னு தெரிஞ்சுட்டா நீங்க குரூப்பை விட்டுப் போயிடணும், இங்க உக்காந்து பார்க்கவும் கூடாது, அடுத்த சீசனை நானும் அப்பாவும் பார்த்துக்கறோம். குரல்ல கோவமே இல்ல, டைம்டேபிள் சொல்ற மாதிரி சொன்னா. இளவழுதியா இருந்தா? இருக்காது. அவ்வளவுதான், அதுக்கு மேல பந்தயமே இல்ல. இவர் வாயைத் திறந்தார், நான் கண்ணால அடக்கினேன், ஏன்னா இது எனக்கும் அவளுக்கும். வாரத்துல இந்த ஒரு மணி நேரம்தான் அவ நான் இருக்கற ரூம்ல எழுந்து போகாம இருக்கறது. இதைப் பார்க்கற சாக்குல பக்கத்துல இருக்கேன், அவ நகத்தைக் கடிக்கறதைப் பார்க்கறேன், பயந்தா காலை மடக்கிக்கறதைப் பார்க்கறேன். இது போச்சுன்னா என்ன இருக்கு எனக்கு இந்தப் பொண்ணுகிட்ட? மதியச் சோத்து டப்பாவும், சார்ஜர் எங்கன்னு ஒரு கேள்வியும். ஒரு வார்த்தையை நம்பி இந்த ஒரு மணி நேரத்தைப் பணயம் வெச்சிருக்கேன். நாங்க. யாராவது ஒரு நடிகன் வசனத்தைத் தப்பாப் படிச்சிருந்தா என் கதை கந்தல்.

ஆரம்பிச்சாச்சு. நப்பின்னையைக் கண்ணாடி ரூம்ல பூட்டிட்டாங்க. சொறியறா, பிடரியை, நல்லா ரத்தம் வர்ற மாதிரி. மிருதுளா எழுந்து உக்காந்துட்டா. பார்த்தீங்களா, அப்படிங்கறா, டிவியைப் பார்த்தேதான், ஆனா அந்த ‘ங்களா’ எனக்குத்தான். பார்த்தேன் தாயி. ரத்தத்தை எடுத்துப் பார்க்கறாங்க, உறைய மாட்டேங்குது. அய்யோ. உறையலைன்னா ஜந்து இருக்குன்னு ரெண்டாவது பகுதியிலயே சொல்லிட்டாங்களே. இருக்காது, இருக்காது, மருந்து ஏதாவது சாப்பிட்டிருப்பா, எங்க பெரியப்பாவுக்குக்கூட ரத்தம் உறையாது, நெஞ்சுவலிக்கு மாத்திரை போட்டதுலேர்ந்து. அவர் உடம்புல என்ன ஜந்தா இருந்துச்சு, இருந்ததெல்லாம் பிடிவாதம்தான். குழம்பு அடி பிடிக்கற வாசம் வருது, வரட்டும், எழுந்திருச்சா அந்த நேரம் பார்த்துத்தான் எதையாவது சொல்லித் தொலைப்பானுங்க. இப்ப கேப்டன், பூமியில இருக்கறவங்ககிட்ட பேசறான். நாங்க வந்துட்டிருக்கோம். மிருதுளா கையை நீட்டிக் காட்டறா. அவர் எப்பவும் நாங்கன்னுதான் சொல்றார், பேச்சு வழக்கு அது, தியரி எல்லாம் இல்ல. அடியேய், பூமிக்காரன் கப்பல்ல இல்லடி, அவன்கிட்ட நாங்கன்னுதானே சொல்லணும், இது சரிதான், அதுதான் தப்பு. வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். சொல்லிப் புரிய வைக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, அவ அப்பாகிட்ட தன் வீட்டைப் பத்திப் பேசறப்ப நம்ம வீடுன்னு எவ்வளவு அழகா சொல்றா, அவ வாய்க்குத் தெரியும், மனசுதான் வேணாங்குது. இதுல எவன் வில்லன்னு இவர் பேப்பரை இறக்கிக் கேக்கறார். நானும் அவளும் ஒரே நேரத்துல ச்சு கொட்டினோம். அப்படியே படம் நின்னுடுச்சு. நடுவுல வட்டம் சுத்துது. நெட்டு. எங்க கம்பெனி நெட்டு, ஆபீஸ்ல வேலை பார்க்கறவளுக்குன்னு பாதி விலையில போட்டது. மிருதுளா மெதுவா என்னைத் திரும்பிப் பார்க்கறா, நான்தான் கம்பத்துல ஏறி வயரைப் பிடுங்கினவங்கற மாதிரி. சுத்துது, சுத்துது. தோத்துட்டேன்னு தோணுது. நப்பின்னை மூஞ்சி பாதி வாய் திறந்து நிக்குது, அவ என்ன சொல்லப் போறாளோ அதுல என் நாற்காலி இருக்கு. தோத்தா நான் எங்க உக்காருவேன் ஞாயித்துக்கிழமை? ரூம்ல போய்ப் படுத்துக்கலாம், கதவைச் சாத்திக்கிட்டு, ஹால்ல இவங்க ரெண்டு பேர் சிரிக்கறதைக் கேட்டுக்கிட்டு. வாடகை வீட்டுல ஓனர் வீட்டு சத்தம் கேக்குமே, அப்படி. வேணாம். அப்படி ஒரு நாள் வேணாம் எனக்கு. ஓடித் தொலையேன் சனியனே.

ஓடுது. நப்பின்னை கெஞ்சல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, கேப்டன் கதவைத் திறந்து விட்டு அவளை வெளிய தள்ளறதுக்கு பட்டன்ல கை வெச்சிருக்கான், அவ அமைதியா ஒரு கேள்வி கேக்கறா. “லிஃப்ட்ல நாம ரெண்டு பேர்தான் இருந்தோம், கேப்டன். நாங்கன்னு சொன்னீங்க. யாரு அந்த நாங்க?” என் காதுல விழுந்ததை என் காதே நம்பல. லிஃப்ட்டைத் திருப்பிக் காட்டறாங்க, அதே தோள், அதே கை, நாங்க வீட்டுக்குப் போயிடுவோம், இந்தத் தடவை பின்னாடி மியூசிக் இல்லாம, நாங்க மட்டும் தனியா, கல்லு விழற மாதிரி. கேப்டன் சிரிக்கறான், நாக்கு தவறியிருக்கும்ங்கறான். அங்க தவறாதுங்கறா அவ, எவ்வளவு தூக்கக் கலக்கத்துலயும் அங்க தவறாது, அதைக் கேட்டதுலேர்ந்துதான் நான் தூங்கல, அன்னைலேர்ந்துதான் ரத்தம் உறையாத மருந்தை எனக்கு நானே குத்திக்கிட்டேன், எம்மேல சந்தேகம் வந்தாத்தான் என்னைத் தீர்த்துக்கட்ட நீங்களே எம்பக்கத்துல வருவீங்கன்னு. சிரிப்பு அப்படியே இருக்கு, பிடரி மட்டும் அசையுது. அசையுதுங்க! கேப்டன் இளவழுதியோட காலருக்கு மேல, தோலுக்கு அடியில, ஒரு விரல் கனத்துக்கு என்னமோ நெளியுது, நான் எழுந்து நின்னுட்டேன், நாற்காலி பின்னாடி சாஞ்சு சமையக்கட்டுல விழுந்துச்சு, கையில கரண்டி, அது எப்ப என் கைக்கு வந்துச்சுன்னு சாமி சத்தியமா தெரியாது. கரண்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன், கோயில் வாசல் துவாரபாலகி. போன் அதிருது, நிக்காம அதிருது. அக்கா தெய்வமேங்கறான் ஒருத்தன். சுகந்தி அக்கா காலைக் காட்டுங்கங்கறா ஒருத்தி. விண்மீன் பாண்டி நான் மூணாவது வாரம் எழுதினதை எடுத்து குரூப்புக்கு உச்சியில குத்தி வெச்சுட்டான், கீழ மன்னிப்பு. கிடக்கட்டும் அங்கயே, நல்லா கிடக்கட்டும். நாலாயிரம் பேர், ஒருத்தருக்கும் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு. எவ்வளவு இனிக்குது தெரியுமா. பெருந்தன்மையெல்லாம் அப்புறம், இப்ப இனிக்குது. ஒன்றரை வருஷமா இந்த வீட்டுல ஒவ்வொரு நாங்கவா பொறுக்கிப் பொறுக்கி மனசுல போட்டு வெச்சேனே, அத்தனையும் சும்மா போகல, வலிச்ச இடத்துல ஒரு காது முளைச்சிருக்கு. எனக்கே என் மேல ஒரு மரியாதை வருது. குடித்தனமாம் குடித்தனம். குடித்தனக்காரிக்குத்தான்டா எந்தச் செவுத்துல ஓதம்னு தெரியும்.

மிருதுளா அசையல. பேர் எல்லாம் மேல ஏறிட்டிருக்கு, நடிச்சவங்க பேர், துணி தைச்சவங்க பேர், அவ டிவியைப் பார்த்தபடி, எனக்கு முதுகு. ஜடை ஒரு பக்கமா அவிழ்ந்து கிடக்கு. சட்டுனு வாய் கசக்குது எனக்கு. என்ன பண்ணிட்டேன். சின்னப் பொண்ணு, அம்புக்குறி போட்டுப் போட்டு எத்தனை படம் எடுத்தா, அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பார்த்துக்கிட்டிருப்பாங்க, அவங்க முன்னாடி ஜெயிச்சு என்னத்தை வாரிக் கட்டிக்கப் போறேன். தோத்திருந்தா நாற்காலி போயிருக்கும், ஜெயிச்சதுல ஆளே போயிடுவாளோ. எழுந்து ரூமுக்குப் போவா, கதவு சாத்தற சத்தம் வரும், நாளைக்கு டப்பாவும் சார்ஜரும். கரண்டியைக் கீழ இறக்கினேன். ஒரு வார்த்தை சொல்லலாமா, நீ சொன்னதும் சரியாத்தான் இருந்துச்சுன்னு, நப்பின்னை வேணும்னே சொறிஞ்சவதானே, நீ பார்த்தது பொய்யில்லையேன்னு. சொன்னா இரக்கம்னு நெனைப்பா. இவருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு மட்டும் புரிஞ்சு பேப்பரை மடிக்கறார், என்னைப் பார்க்கறார், அவளைப் பார்க்கறார். எழுந்துட்டா. ரூம் பக்கம் போகல. நேரா சமையக்கட்டு வாசலுக்கு வர்றா, எனக்கு எதிர்ல, மூக்குக்கு மூக்கு, கண்ணு ரெண்டும் செவந்து மூஞ்சி பூரா ஆத்திரம்.

“எப்படி நீ கண்டுபிடிச்ச? எனக்கு ஏன் கேக்கல? சொல்லு நீ.”

நீ. கண்டுபிடிச்ச. சொல்லு. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு ‘ங்க’ வால் இல்லாம ஒரு வார்த்தை அவ எங்கிட்ட பேசினதில்ல, மூணும் மொட்டை மொட்டையா வந்து என் மேல விழுது. அவளுக்குத் தெரியல, சொன்னதே தெரியல, அவ்வளவு கோவம். அவ அம்மாகிட்ட இப்படித்தான் எகிறியிருப்பா. இவர் சேரை விட்டு எழுந்துட்டார், ஏய், பெரியவங்ககிட்ட என்ன நீ வா போன்னு, மரியாதையாப் பேசுன்னு ஆரம்பிச்சார். அவ முகம் அப்படியே வெளுக்குது, உதடு பழைய இடத்துக்குத் திரும்பிப் போகப் பார்க்குது, இன்னும் அரை நொடி விட்டா அந்த ‘ங்க’ வந்து ஒட்டிக்கும்.

“நீங்க கொஞ்சம் வாயை மூடுறீங்களா?”ன்னேன் இவர்கிட்ட. கல்யாணம் ஆனதுலேர்ந்து முதல் தடவை. மனுஷன் அப்படியே உக்காந்துட்டார். நான் விழுந்த நாற்காலியை எடுத்து நிமித்தல, அவ முழங்கையைப் பிடிச்சுத் திவானுக்கு இழுத்துக்கிட்டுப் போனேன், தலையணையைத் தள்ளி விட்டேன்.

“உக்காருடி, சொல்றேன்.”

உக்காந்தா.